கழுவாத குடுவை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் ஒரு வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் கையடக்கமான சுரைக்குடுவை ஒன்றையும் அதில் செருகியிருந்த வெள்ளிக் குழாயையும் பார்த்தேன். ஆர்ஜென்டீனாக்காரர் இலைச்சாறு குடிப்பது இதில்தான். யாருடையது என்று கேட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது.

2

முதல் ஆரம்பம்: "1934ஆம் ஆண்டு கட்டுகஸ்தோட்டையில் மழை விடாமல்—"

வேண்டாம். கண்டிக் கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டுமா?

இரண்டாவது ஆரம்பம்: லீலாதேவி டீச்சரின் கணவன் விவேகானந்தன் இலங்கைத் தேயிலை விற்க புவனோஸ் அயர்ஸ் போனவன். (போனவன் அந்த ஊர் இலைக்கு அடிமையானதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவளுக்கு வரவில்லை.) ஒரு வருடம் கழித்து, கப்பலில் வேலை பார்த்த வீரசிங்கத்திடம் குடுவையையும் ஒரு பை இலையையும் ஒரு கம்பளியையும் கொடுத்தனுப்பினான்.

"கடைசியாக் குடிச்சிட்டு அப்பிடியே தந்தவர், தங்கச்சி. கழுவ வேண்டாமெண்டு சொன்னவர்" என்றார் வீரசிங்கம்.

அதன்பிறகு இரண்டு வருடமாக ஒரு செய்தியும் இல்லை.

எச்சில் பாத்திரம் பட்டாலே கை கழுவும் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண், அதைக் கழுவவில்லை.* தானும் அதில் வாய் வைக்கவில்லை. வைத்தால் அதிலிருந்து அவன் போய்விடுவான் என்று பயந்தாள்.

(* தண்ணீரைக்கூட அண்ணாந்து ஊற்றிக் குடித்து வளர்ந்தவள்.)

3

அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததை ஏன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள்? இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம். 'பூமிசாஸ்திரப் பாடத்துக்காக' என்று எழுதியிருந்தேன். பாதி பொய். வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே உறவுக்காரர் பேச்சை மாற்றினார்கள். வகுப்பில்தான் அவன் இருக்கும் ஊரைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம். அதற்கு அவள் ஏங்கிப்போயிருந்தாள்.

நடுவில் தலை நுழைய ஓட்டை வைத்த கம்பளியைத்தான் முதலில் காட்டினாள்.

"எங்கம்மா மழையில கொழுந்தெடுக்கப் போறப்ப இப்படித்தாங்க டீச்சர் கம்பளி போட்டுக்கும்" என்றாள் வடிவம்மா. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து தங்கிப் படிக்கிறவள்.

லீலாதேவிக்கு அந்த நாடு சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது.

4

குடுவையை மேசையில் விட்டுவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பக்கத்து வகுப்பு றலியா டீச்சர் ஈரக் கையோடு நின்றாள்.

"எச்சிலாக் கிடந்திச்சு டீச்சர். பிள்ளைகளுக்குக் காட்டுற சாமான்தானே, புளி போட்டுத் தேச்சிட்டேன்."

"கழுவிப்போட்டியளோ?"

"ஓ, நல்லா வெளுத்திருச்சு பாருங்க."

(லீலாதேவியைக் கத்த வைத்து அரைப்பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். நல்ல மனதோடு செய்தவளிடம் எப்படிக் கத்துவது?)

5

முடிவு ஒன்று: அன்று மாலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் நின்றது, விவேகானந்தன் இறங்—

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் நம்பவில்லை.

முடிவு இரண்டு: அவள் பாடத்தைத் தொடர்ந்தாள். குடுவையில் இலை போட்டு வெந்நீர் ஊற்றினாள்.

"அந்த ஊரில எல்லாரும் சுத்தியிருந்து ஒரே குழாயிலதான் குடிப்பினமாம். வாங்கிறவர் குழாயைத் துடைச்சால் குடுத்தவருக்கு மரியாதையில்லை. ஊத்துறவர்தான் முதல்ல குடிக்க வேணும்."

"அப்ப நீங்கதான் டீச்சர் மொதல்ல" என்றாள் வடிவம்மா.

லீலாதேவி அதில் முதல்முறையாக வாய் வைத்தாள். கசந்தது. அவனைத் தேடினாள். நாக்கில் வெறும் வெள்ளிதான் பட்டது. கண்ணைத் துடைத்தாள், குழாயைத் துடைக்கவில்லை. இன்னும் அங்கேயே நின்ற றலியா டீச்சரிடம் அப்படியே நீட்டினாள்.

றலியா வாங்கினாளா என்று என்னால் எழுத முடியவில்லை. அவளை விலகி நிற்கச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். குழாயில் இருப்பது காத்திருந்து களைத்த ஒருத்தியின் எச்சில். துடைக்கத்தான் உங்கள் கை முதலில் போகும்.

வாங்குங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.