கறுப்புத் தாளைக் கழற்றியது யார்?

அறிவியல் டீச்சருக்கு அன்று பரீட்சை. முதல் பீரியடில் தலைமையாசிரியை வந்து உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆண்டு விடுமுறையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாடம் ஒளிச்சேர்க்கை. அதற்காக ஒரு தொட்டிச் செடியை அலமாரி இருட்டில் பட்டினி போட்டு, நேற்றுக் காலை வகுப்பு ஜன்னலில் வைத்து, ஓர் இலையின் பாதியை மட்டும் கறுப்புத் தாளால் மூடிச் சிவப்புக் கிளிப் மாட்டியிருந்தாள். வெயில் பட்ட பாதியில் மாவுச்சத்து இருக்கும். அயோடின் பட்டால் கருநீலமாகிவிடும். மூடிய பாதி வெளிறியே நிற்கும். அவளுக்கு இந்தச் சோதனை தண்ணீர் பட்ட பாடு!

மணி அடித்து உள்ளே வந்து பார்த்தால், தாளும் இல்லை, கிளிப்பும் இல்லை. கிளிப் கடித்த தழும்புதான் இலையில் இருந்தது.

“கறுப்புத் தாளையும் சிவப்புக் கிளிப்பையும் யார் எடுத்தது?”

மொத்த வகுப்பும் கடைசி வரிசைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. பட்டப்பெயர் வாலு. எது காணாமல் போனாலும் பழி அவள் தலையில்தான் விழும்.

“நான் இல்ல டீச்சர்! நேத்து காய்ச்சல்னு ஸ்கூலுக்கே வரல!”

“இன்னிக்குக் காலையில வந்து எடுத்திருப்ப,” என்றாள் வகுப்புத் தலைவி.

பின் பெஞ்சில் தலைமையாசிரியை கோப்பும் பேனாவுமாகக் காத்திருந்தார். டீச்சர் தழும்பு விழுந்த இலையைப் பார்த்தாள். சட்டென்று ஒரு யோசனை.

“சண்டை வேணாம், இலையையே கேட்டுடுவோம். இப்பத்தான் எடுத்திருந்தா என்ன ஆகும்?”

“மூடின பாதி மாவுச்சத்து சமைச்சிருக்காது!”

“நேத்தே எடுத்திருந்தா?”

“பகல் பூரா வெயில் பட்டிருக்கும். முழு இலையும் நீலமாயிடும்!”

இலையை வெந்நீரில் போட்டெடுத்து, ஸ்பிரிட்டில் பச்சை போக வெளுத்து, தட்டில் விரித்து அயோடின் விட்டாள். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். தலைமையாசிரியைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஓர் ஓரம் பாக்கியில்லாமல் இலை முழுக்கக் கருநீலம்.

“நேத்தே எடுத்திருக்காங்க! வாலு இல்ல!”

வாலு இடுப்பில் கை வைத்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை தலைமையாசிரியையின் கோப்பில் போய் நின்றது.

“டீச்சர்... அந்தச் சிவப்பு கிளிப்பு!”

எல்லாத் தலைகளும் கோப்புப் பக்கம் திரும்பின. பள்ளியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தாலும் தலைமையாசிரியைக்குக் கை சும்மா இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும்.

“நேத்து காலையில ரவுண்ட்ஸ் வந்தப்ப, யாரோ செடியில குப்பையை மாட்டி வெச்சிருக்காங்கன்னு நெனச்சு...” அவர் முகம் சிவந்துவிட்டது. கோப்பில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி வாலுவிடம் நீட்டினார். “ஸாரிம்மா.”

போச்சு வேலை, என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எங்க காலத்துல படம் வரைஞ்சு பாகம் குறிச்சதோட படிப்பு முடிஞ்சுது. உங்க பிள்ளைங்க ஓர் இலையை வெச்சு என்னையே பிடிச்சிட்டாங்க!” தலைமையாசிரியை மேஜையிலேயே கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார். “அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பும் நீங்களே எடுத்துக்கங்க.”

வாசல் வரை போனவர், தரையில் கிடந்த காகிதத்தைப் பார்த்துக் குனிந்தார். பாதியில் நிறுத்தி, வாலுவைத் திரும்பிப் பார்த்தார்.

“இது குப்பைதானே?”