நெல் காய்ந்த வளைவு

"போலீஸ்ல இருந்து இன்னாத்த கிழிச்சே?" என்று எவனாவது கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ரோந்து போயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். திருடனைப் பிடித்தால் பேப்பரில் படம் போடுவார்கள். திருட்டே நடக்காமல் பார்த்துக்கொண்டால் ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான். நடக்காத விபத்துக்கு எவன் சாட்சி சொல்வான்? அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆளைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பிரிஸ்கில்லாவைப் பார்த்து எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பிரிஸ்கில்லா எங்கள் பகுதிக் காவலர். பைக்கில் ஊர் ஊராகச் சுற்றிவருவது அவள் வேலை. சும்மா சுற்றமாட்டாள். தெருமுனையில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நடப்பாள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையா, மின்கம்பி தொங்குகிறதா, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் டிராக்டர் பறக்கிறதா, எல்லாம் அவள் கண்ணில் படும். அவள் அப்பா பெஞ்சமின் ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில் அறுப்பு அறுத்தவர். இப்போது அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. மகளை விட்டால் கஞ்சி ஊற்றவும் ஆளில்லை.

சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நெல் காயவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதி ரோட்டை நெல் அடைத்துக்கொள்ளும். வண்டி ஏறாமல் இருக்க ஓரம் முழுக்கக் கல் வைப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போகிறவன் கல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுவான். அதில் விழுந்து எத்தனை பேர் மண்டை உடைந்ததென்று எனக்குத் தெரியும், அவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தானே.

என் தம்பி கலைச்செல்வன் இருக்கிறானே, அவனுக்கு வளைவுதான் கிடைத்தது. திருப்புலிவனம் போகிற ரோட்டில், எதிரே பஸ் வருவது தெரியாத இடத்தில் நெல்லைக் கொட்டி, தலையளவு கற்களை வரிசையாக வைத்தான். பிரிஸ்கில்லா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஆவட்டும்மா, எடுத்துர்றேன்" என்றான். புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் அவள் பைக்கின் பின்னால் வைக்கோல் அடைத்த சாக்குகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எதிர் வரப்பிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்களைச் சுற்றி நெல் சிதறிக் கிடந்தது, மிதிக்காமல் கல்லை எடுக்க முடியாது. நெல்லை லட்சுமி என்பார்கள், செருப்புக் காலோடு யாரும் மிதிக்க மாட்டார்கள். அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் நடந்து ஒவ்வொரு கல்லாக அகற்றி, அந்த இடத்தில் சாக்கை வைத்தாள். நெல்லுக்கும் காவல், விழுகிறவன் மண்டைக்கும் காவல். அடடா, இத்தனை வருட சர்வீஸில் எனக்கு இந்த யோசனை வரவில்லையே என்று நினைத்தேன்.

தம்பி எழுந்தான். கல் இல்லாததைப் பார்த்தான். நேராக ஸ்டேஷனுக்குப் போய், ஷூ காலோடு நெல்லை மிதித்தாள் என்று மனு கொடுத்துவிட்டான். ஊரில் நாலு பேரும் அவனுக்கு ஒத்து ஊதினார்கள். பெஞ்சமின் மகள் வந்து தங்களுக்குச் சட்டம் சொல்வதா என்பதுதான் அவர்களுக்கு எரிச்சல், அதை வெளியே சொல்லத் துணிச்சல் இல்லை. ஊரே கொதிக்கிறது என்று மேலே தகவல் போனால் அவளைத் தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள். பெஞ்சமினின் கதி?

மறுநாள் உச்சிவெயிலில் ஆய்வாளர் அந்த வளைவுக்கே விசாரிக்க வந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"நீயும் போலீசு, அவளும் போலீசு. உட்டுக் குடுப்பியாண்ணா?" என்றான் தம்பி. "வெறுங்காலோட நடந்தாளாம். அவுங்களுக்கு நெல்லு இன்னா சாமியா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், செருப்பக் கழட்டுடா. அதே வெயிலு, அதே ரோடு. தோ கீது பாரு ஒரு கல்லு, அத்த எடுத்துக்கினு வா. அப்பறம் பேசு."

"இன்னா, பயந்துடுவேன்னு பாக்கிறியா?" செருப்பை உதறிவிட்டு இறங்கினான். வருடக்கணக்காக ஆள் வைத்து நெல்லைத் துழாவ விட்டு, மரத்தடியில் உட்கார்ந்த கால் அது. பாதி ரோட்டில் ஒரு துள்ளல். நெல்லுக்குள் ஓடிப் போய், "யம்மா! ஐயோ யம்மா!" என்று கால் மாற்றி மாற்றிக் குதித்தான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

பிரிஸ்கில்லா சிரிக்கவில்லை. மரத்தடியில் இருந்த வெறுஞ்சாக்கைக் குடத்து நீரில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். நெல் ஓரம் வந்ததும் சட்டென்று நின்றாள். இரண்டு ஷூவையும் காலாலேயே உதறித் தள்ளினாள். அப்புறம்தான் நெல்லில் கால் வைத்தாள். தம்பியின் காலடியில் சாக்கை விரித்து, "ஏறிக்குங்கண்ணா, சீக்கிரம்" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்த ஷூக்களை ஆய்வாளர் பார்த்தார். ஊரும் பார்த்தது.

ஈரச் சாக்கின் மேல் நின்ற தம்பி குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தான். முந்தின நாள் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை.

"மனு வேணாம் சார், கிழிச்சுப் போட்டுடுங்க" என்றான். பிறகு சாக்கின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டான்.

"இப்டி வந்து நில்லும்மா. கால் வெந்துக்கினு கீது பாரு."

அவள் ஏறி அவன் பக்கத்தில் நின்றாள்.