பெல்வுட் வைக்காத பெயர்

ஆர்தர் பெல்வுட் அறுபத்தொரு படங்களில் நடித்தார். அதில் முப்பத்தெட்டில் செத்தார். மீதியில் அடுத்தவர்களைச் சாகவிட்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு ஏழாவது பிள்ளை. ராஜாவாக நாலு தடவை, சமையல்காரனாக மூன்று தடவை, பாதிரியாராகக் கணக்கில்லாமல் நடித்து, சினிமாவுக்கு என்று இருக்கிற பரிசையெல்லாம் வாங்கி, கடைசியில் அரண்மனைக்குப் போய்ச் சர் பட்டமும் வாங்கினார். இவ்வளவு செய்தவர் அரியலூர் தர்மராஜின் மகளுக்கு ஒரு பெயர் மட்டும் வைக்கவில்லை.

அவர் படம் எங்கள் ஊருக்கு வந்ததே ரீல் பெட்டி மாறித்தான். அப்போது நான் அரியலூரில் ஒரு டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். சண்டைப் படம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தோம். ஓட்டிப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரர் மேசை முன்னால் உட்கார்ந்து டீ குடிக்கிறார். பதினொரு நிமிடம் குடித்தார். ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். போகிற கோபத்தில் பாதி பெஞ்சையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே ஒருவன் மட்டும் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற தர்மராஜ்.

"ஏன்டா அழுவுற?"

"அவரு சம்சாரம் செத்துப்போச்சுண்ணே. அது போட்டு வெச்ச கடைசி டீ. குடிச்சு முடிக்க மனசு வரல."

அவனுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டாவது ரீலைப் போட்டால் அவன் சொன்னதுதான் கதை.

மறுநாளே ரசிகர் மன்றம் வைத்தோம். தலைவர் அவன், செயலாளர் நான், உறுப்பினர் யாரும் இல்லை. சர் பட்டம் கிடைத்த செய்தி வந்ததும் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றினோம். வரைந்த ஆளுக்கு மீசையில்லாத கதாநாயகனை வரைந்து பழக்கமில்லை. பெரிய மீசையாக வைத்துவிட்டார். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் அர்ச்சனை கொடுத்தபோது பட்டர் கோத்திரம் கேட்டார்.

"பெல்வுட் கோத்திரம்னே சொல்லுங்க சாமி" என்றான் தர்மராஜ்.

பட்டரும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சொன்னார். பெருமாள் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு தர்மராஜின் மனைவி ஆண்டாயிக்குப் பெண் பிறந்தது. தலைவர் என்று கொண்டாடும் நடிகர் வாயால்தான் பிள்ளைக்குப் பெயர் என்பது நம் பக்கத்து ரசிகர்களிடம் உள்ள வழக்கம். சென்னைக்குப் போய் வாசலில் மூன்று நாள் நிற்பார்கள், அவர் காரிலிருந்து இறங்கி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். தர்மராஜின் தலைவர் லண்டனில் இருந்தார். அதனால் கடிதம் எழுதச் சொன்னான். கொட்டகையில் இங்கிலீஷ் படப் பெட்டிகளின் மேல் ஒட்டியதைப் படித்துப் படித்து எனக்கு அந்த மொழி சரளமாக வரும். எழுதினேன். பதில் இல்லை.

"ஷூட்டிங்ல இருப்பாரு" என்றான்.

அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொன்று எழுதினோம். அதற்கும் ஷூட்டிங்தான். இப்படி முப்பத்தொரு வருஷம், முப்பத்தொரு கடிதம்.

பெண்ணைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், பெயர் இல்லாமல் பதிவேட்டில் எழுத முடியாது என்று சொல்லி, அவராகவே நந்தினி என்று போட்டார். ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் நந்தினி. இப்போது பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறாள். சட்டையில் குத்திய அட்டையிலும் நந்தினி. தர்மராஜ் மட்டும் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"அது பள்ளிக்கூடத்துப் பேரு. உன் பேரு வந்துக்கிட்டு இருக்கு" என்பான். ஆண்டாயி 'பாப்பா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருஷம் தர்மராஜின் நுரையீரல் கெட்டுப்போனது. பெரம்பலூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு மாதம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நந்தினி என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா, ஒரே ஒரு தடவ அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டா போதும். அந்த வெள்ளைக்காரரு எழுதுனாப்ல நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

"என்னையப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா, இதுக்கு மின்ன சொன்னதே இல்ல பாருங்க. கொட்டாயில ஒரு மைனாக் குருவி மெஷின்ல உக்காந்து படம் ஓட்டுச்சுன்னு யாரு சொன்னது?"

"அது பொய்யில்ல. ரெண்டு ரீல் ஓட்டுச்சு."

அவள் சிரிக்கவில்லை. எழுதினேன். கிரீடம் போட்ட தாளில் அவளே பெரம்பலூரில் அச்செடுத்து வந்தாள். மறுநாள் காலை இரண்டு பேரும் போய் தர்மராஜின் கட்டில் பக்கத்தில் நின்று, தபால் வந்தது என்றோம். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

"அன்புள்ள தர்மராஜ், பதில் சற்றுத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். தொடர்ந்து படப்பிடிப்பு. உங்கள் பெண்ணின் பெயரைப் பற்றி நிறைய யோசித்தேன். உங்கள் ஊர்ப் பெயராக இருந்தால் நல்லது என்று பட்டது. நந்தினி என்று வையுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவளை நன்றாக ஒரு தடவை கூப்பிடுங்கள். இப்படிக்கு, ஆர்தர் பெல்வுட்."

நந்தினி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தர்மராஜ் கடிதத்தைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்தான்.

"தேதி என்னண்ணே போட்டிருக்கு?"

"போன மாசம் பன்னண்டு."

மின்விசிறியைப் பார்த்தான்.

"அவரு செத்து ரெண்டு வருசம் ஆவுதுண்ணே."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"செல்லுல வந்துச்சு" என்றான். "தூக்கத்துலயே போயிட்டாராம். முப்பத்தெட்டு சாவுல ஒண்ணு கூட அப்படி சாவல."

"அடப்பாவி, அப்பறமும் ரெண்டு வருசமா என்னைய எழுத வெச்சியே?"

"சொன்னா நிறுத்திப்புடுவீங்களே."

நந்தினி வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, அவருதான் இல்லியே. நீயே வைப்பா. எந்தப் பேரு வேணாலும் சரி. ஒரு தடவ கூப்புடு."

அவளையே பார்த்தான். வாய் திறந்தது. இந்தத் தடவை வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இருமல் வந்தது. இருமி முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"புள்ள, பேரு வைக்க நான் யாரு? லாரி ஓட்டுனவன். முப்பத்தோரு வருசம் காத்திருந்துட்டு, போறப்ப அவசரப்பட்டா உனக்குத்தான் கொறச்சல்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, அவருக்கு ஒரு மவன் இருக்கான். அவனும் நடிக்க வந்துட்டான். ஒரு படத்துல போலீஸா ரெண்டு நிமிசம் வரான். அப்பன் மாதிரியே டீ குடிக்கிறான். இன்னும் நாலு படம் பண்ணட்டும், மதிப்பு வந்துரும். அப்பறமா எழுதுவோம்."

"நாலு படத்துக்கு எத்தன வருசம்டா ஆவும்?"

"எட்டு வருசம் வெச்சுக்குங்க."

நான் நந்தினியைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து, நான் எழுதிய பொய்க் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி என் முன்னால் வைத்தாள். பேனாவையும் அவள்தான் திறந்து கொடுத்தாள்.

"எட்டு வருசம்லாம் வேணாம் பெரியப்பா. இப்பவே லெட்டர் போட்டு வைங்க."

"ஆமா, இப்பவே ஒண்ணு போட்டு வெப்போம்" என்றான் தர்மராஜ், சந்தோஷமாக.

அன்புள்ள என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "அந்த மவன் பேரு என்னடா?"

"தெரியலண்ணே. செல்லுல மகன்னு மட்டுந்தான் போட்டிருந்துச்சு."

அன்புள்ள மகன் அவர்களுக்கு என்று எழுதினேன். தர்மராஜ் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நந்தினி இரண்டு தடவை சொன்னாள்; போகவில்லை.