பதினைந்து வயதில் ஏறிய தாலி

அடுத்த ஞாயிறு எனக்கும் பிரசாந்துக்கும் கலியாணம். அவனுடைய தாய் சிவநேசம் மாமி சொல்லாமல் கொள்ளாமல் கனடாவில் மொன்ட்ரியால்-நோரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, சோபா நுனியில் உட்கார்ந்தார். குளிர்கோட்டைக் கழற்றவில்லை. தேத்தண்ணியைத் தொடவில்லை. சம்பந்தி வீட்டில் தேத்தண்ணி ஆறுகிறதென்றால் விசயம் முற்றிவிட்டது.

கோயிலில் யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். வன்னியில் எனக்கு ஏற்கெனவே தாலி ஏறியதா என்று மாமி அம்மாவைக் கேட்டார். முப்பத்துமூன்று வயதுக்காரி நான் முன்னால் நிற்க, அம்மாவைத்தான் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிரசாந்துக்கு எல்லாம் தெரியும். தாயிடம் சொல்ல வேண்டாம் என்றவனே அவன்தான்.

"ஓம் மாமி. பதினைஞ்சு வயசில," என்றேன்.

இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்ட காலம். கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மா பக்கத்து வீட்டுச் சாரங்கனைக் கூட்டிவந்து, சாமி விளக்குக்கு முன்னால் எனக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டுவித்தார். அவனுக்குப் பதினேழு. மேளமும் இல்லை, ஐயரும் இல்லை. புதுக்கயிறென்று பிடிபடாதிருக்க அம்மா அதை முதலிலேயே அடுப்புப் புகையில் காட்டியிருந்தார். அன்றிரவும் நான் அம்மாவோடு படுத்தேன், அவன் தன் தாயோடு படுத்தான்.

பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என் கழுத்தைப் பார்த்து என்னை விட்டுவிட்டார்கள். ஆம்பிளைக்குக் கழுத்தில் காட்ட என்ன இருக்கிறது? சாரங்கனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

"கலியாணத்தை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ," என்றேன். "அம்மாவைக் குற்றம் சொல்லாதேங்கோ."

மாமி என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு கயிறே போதுமாக இருந்ததா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையாட்டினார்.

பிரசாந்துக்கு ஒரு தங்கச்சி இருந்து, போரில் செத்துப்போனாள் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றிக் கதைப்பதில்லை.

"என்ர சாம்பவிக்கும் அப்ப பதினைஞ்சு," என்றார் மாமி. "ஒரு பெடியன்ர தாய் வந்து, சும்மா பேருக்குக் கட்டி வைப்பம் எண்டு கேட்டவ. படிக்கிற பிள்ளை, அவை எங்கட ஆக்களும் இல்லையெண்டு கலைச்சு விட்டிட்டன். அடுத்த கிழமை பிள்ளையை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

அம்மா எழுந்துபோய் மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாமி சொன்னார்: "கலியாணம் நடக்கட்டும். தாலி கட்டேக்க மட்டும் என்னை முன்னுக்கு வரச் சொல்லாதேங்கோ. என்னால பாக்க ஏலாது."