கடைசித் திங்களின் ஊதல்

தங்கபாண்டி செய்த காரியம் லேசுப்பட்டதல்ல. மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த பஸ்ஸின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தென்காசி தென்காசி என்று கூவி, முப்பது பேரை ஏற்றியும் விட்டான். நல்ல வேளை, சாவி இல்லை. கோர்ட்டு அவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஆறு மாதம் புரொபேஷனில் விட்டது. சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. திங்கட்கிழமைதோறும் ஆபீசுக்கு வந்து மெஷினில் ஊத வேண்டும். ஒருமுறை அது கத்தினாலும் ஜெயில்தான்.

ஹோட்டலில் பரோட்டா அடிக்கிற மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தைந்து திங்கள் ஊதிவிட்டான். கடைசித் திங்களன்று பார்த்து, வழக்கமாக ஊதவைக்கும் வேலாயுதன் சார் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில், பிரசவ லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்த ஷிஜா மேடம்.

அவன் உட்கார்ந்ததுமே மேடம் மூக்கைச் சுளித்தாள். அறையில் வாடை. அவனுக்கும் அடித்தது, அந்த விஷயத்தில் அவன் மூக்கு பொய் சொல்லாது. குடிக்கவில்லை என்று பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தான். ஊதினான். பூஜ்யம். மெஷின் கேடு என்றாள் அவள். வாடை வந்ததாகக் கோர்ட்டுக்கு எழுதப்போவதாகச் சொல்லி, பாழாய்ப்போன பேனாவையும் திறந்துவிட்டாள்.

எழுதுமுன் மெஷினைச் சோதிக்க அவளே ஒரு ஊது ஊதினாள். கீயென்று கத்தியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற அரிஷ்டம் கொடுப்பார்கள். மருந்துதான், ஆனால் புளிக்கவைத்த மருந்து. ஆறு மாதமாகியும் விடாத மாமியார் கையில் திணித்துவிட்ட குப்பியிலிருந்து, அவனைக் கூப்பிடுமுன்தான் இரண்டு மடக்கு குடித்திருந்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த வேலாயுதன் சார், கடைசி நாளில் கெடுத்தாயே பாவி என்று தங்கபாண்டியைப் பிடித்து உலுக்கினார். அவன் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மேடத்தின் வேலை போகும், சொல்லாவிட்டால் தன் கைக்கு விலங்கு.

"சார், ஊதினது நானாக்கும்," என்றாள் ஷிஜா. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விஷயம் தெரிந்ததும் சார் தலையில் அடித்துக்கொண்டார். தங்கபாண்டி நல்லபடியாக முடித்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாயில் தங்கிய மருந்துதானா என்று பார்க்க, மேடமும் வாய் கொப்பளித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதிக் காட்ட வேண்டும் என்றார் அவர். தங்கபாண்டி எழுந்திருக்கவில்லை. உனக்குத்தான் முடிந்ததே, போயேன் என்றார் சார்.

"மேடம் ஊதி முடிக்கட்டும் சார். ஒத்தையில இருந்து ஊதுறது ரொம்பக் கஷ்டம்."