வெளவால் பார்க்கப் போன இடிப்புக்காரன்

வெளவால் காட்ட வந்திருந்த வழிகாட்டியின் தோள்பையிலிருந்து இடிப்புக்காரன் கண்ணை எடுக்கவேயில்லை. மச்சான் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"பைக்குள்ள நாலு வெளவாலப் போட்டுக் கொண்டாந்து பறக்க விட்டாலும் விடுவான் மாப்ள. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாரு. எப்படியும் ஒண்ணும் வராது, இங்க வெளவாலே இல்லேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு."

மச்சான் என்பது இவன் மனைவியின் அண்ணன். வேலை தருகிற மேஸ்திரியும் அவரே. மூடிய ஆலையின் கொதிகலன் அறையை நாளை இடிக்கத் தொடங்க வேண்டும். உள்ளே வெளவால்கள் இருப்பதைக் கண்ணால் கண்டால், இன்று பார்க்க வந்திருக்கும் நகராட்சி அதிகாரியம்மா வேலையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் இடிப்புக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கூரையடியில் இருந்த ஒரே துவாரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை.

வழிகாட்டி பைக்குள் கையை விட்டான். இடிப்புக்காரன் ஓரடி முன்னால் போனான். வெளியே வந்தது ஒரு சின்னப் பெட்டி.

"நம்ம காதுக்கு எட்டாத வெளவால் சத்தத்த இது எட்ட வைக்கும்," என்றான் வழிகாட்டி. தகரத்தில் சரளைக்கல் கொட்டியது போலப் பெட்டி படபடத்தது.

"ஏன் சார், வீட்டுலயே பதிஞ்சு கொண்டாந்துட்டீங்களா?" என்றான் இடிப்புக்காரன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். வழிகாட்டி பெட்டியைச் சாலைப் பக்கம் திருப்பினான், அடங்கியது. சுவர்ப் பக்கம் திருப்பினான், கொட்டியது.

"உள்ளதான் இருக்கு. ஏன் வெளிய வரலேன்னுதான் புரியல."

"சத்தத்துக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட முடியாது. கிளம்பலாமா?" என்றார் அதிகாரியம்மா.

இதுதான் சமயம். வாயைத் திறந்த இடிப்புக்காரன் திறந்தபடியே நின்றான். ஒன்றும் வராது என்று மச்சானுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? நேற்று மதியமே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் ஏன் இங்கே தங்கினார்? உயிரை உள்ளே வைத்துச் சுவரைத் தள்ளச் சொல்கிறாரா? நாளை விழப்போகும் முதல் கடப்பாரை அடி இவன் கையால்தான்.

சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில் விறுவிறுவென்று ஏறினான்.

"யோவ், எங்கய்யா ஏறுற?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

துவாரத்து இருட்டு கைக்கு வழவழவென்று தட்டுப்பட்டது. கறுப்புத் தார்ப்பாய். துவாரத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றைத் தடவினான். கற்கூடையை இறக்க மச்சானின் ஆட்கள் போடுகிற இரட்டைச் சுருக்கு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். இழுத்தான்.

மூத்திர நாற்றமும் காற்றும் முகத்தில் அறைந்தன. காதோரத்திலும் அக்குள் இடுக்கிலும் புகுந்து கறுப்பாகக் கொட்டின வெளவால்கள். படியை இறுகக் கட்டிக்கொண்டான்.

இறங்கியதும் வழிகாட்டி டார்ச் வெளிச்சத்தை அவன் கைமேல் அடித்தான். "தடவிப் பாத்தே அவுத்துட்டியே. கட்டினது நீதானா?"

"நான் இல்ல. எங்க மேஸ்திரி. எம் பொண்டாட்டியோட அண்ணன். சீக்கிரம் எழுதிக்கங்கம்மா, அப்புறம் மனசு மாறிடும்."

அதிகாரியம்மா பேனாவைத் திறக்கவில்லை. "இடிக்கிற ஆளே இதைச் சொல்றியா? பொழப்பு போயிடாது? யாருய்யா உன்னை அனுப்பினது?"

"இன்னும் வந்துட்டே இருக்கு பாருங்கம்மா," என்றான் அவன் எரிச்சலாக. "அதப் பாக்க வந்துட்டு என்னை எதுக்குப் பாக்குறீங்க?"