இடைவேளைக்கு முன் இறந்தவள்

நடிகை நான்காவது தடவையாக இறந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள்: தெரு முழுக்கப் பெரியவர் என்று அழைத்த அவளுடைய மூத்த அண்ணன், அவருடைய மனைவியாகிய அண்ணி, அவர்களுடைய ஒரே மகள், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட தம்பி சின்னவர், எதிர்வீட்டு டாக்டர். பால்காரரும் இருந்ததாகப் பிற்பாடு அவரே சொல்லித் திரிந்தார். அவர் கேட்டுக்கு வெளியே நின்றவர், உள்ளே வரவில்லை. டாக்டர் நாடி பிடித்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "போயிட்டாங்க," என்றார். பிறகு பையை மூடிக்கொண்டே, "எத்தனை தியேட்டர்ல போட்டிருக்காங்க?" என்று விசாரித்தார்.

வேடம் வீட்டுக்கு வருவது அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. படம் வெளியாகும் நாளில் முதல் காட்சி தொடங்கியதும், கதையின் முடிவில் அந்தப் பாத்திரம் எந்த நிலையில் விடப்பட்டதோ அந்த நிலைக்கு நடிகை வந்துவிடுவாள். கடைசித் தியேட்டரில் படத்தை எடுக்கும்வரை அப்படியே இருப்பாள். எடுத்த நிமிஷம் பழையபடி ஆகிவிடுவாள். அவள் ஒருநாளும் நாயகியாக நடித்தவள் அல்ல. நாயகனுக்கு அக்கா, நாயகிக்குப் பெரியம்மா, ஒரு காட்சி வக்கீல், இரண்டு காட்சி நர்ஸ், கடைசியில் வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரி. கடைத்தெருவில் அவளைப் பார்ப்பவர்கள், உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நெற்றியைச் சுருக்குவார்களே தவிர, யாருக்கும் பேர் வாயில் வராது. நர்ஸாக இருந்த மாதத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவளிடம்தான் ஊசி போட்டுக்கொண்டன, வலிக்கவில்லை என்றன. டாக்டருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். கண் தெரியாதவளாக இருந்தபோது சுவரைத் தடவித் தடவி நடந்து, மாடிப்படிக்குக் கீழே ஈரம் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நீதிபதியாக இருந்த பத்து நாளில் இரண்டு பக்கத்து வீட்டார் மதில்சுவர் தகராறைக் கொண்டுவந்தார்கள். தீர்ப்பு சொன்னாள். படம் போய்விட்டது, தீர்ப்பு இன்றைக்கும் நிற்கிறது. திருடியாக இருந்தபோது வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நல்லவேளையாகப் படம் ஊத்திக்கொண்டது. கரண்டிகள் அடுத்த திங்கட்கிழமை அவள் தலையணை உறைக்குள் கிடைத்தன. ஒரே வாரத்தில் இரண்டு படங்கள் வந்தபோது ஊமையாகவும் மேடைப் பேச்சாளராகவும் இருக்க வேண்டியிருந்தது. காட்சி நேரப்படி மாறி மாறி இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் அண்ணி முதலில் சாம்பிள் பார்ப்பதுபோல் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பரிமாறுவார்.

பெரியவர் குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. தங்கை நடிக்கப் போகிறேன் என்றபோது அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அவள் நடிக்கலாம், வீட்டில் வேறு யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. கூலிக்கு வேலை செய்வதில் கௌரவக் குறைவு இல்லை, ஆனால் குடும்பமே வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கணக்கு. அவரும் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. தங்கை என்ன நடிக்கிறாள் என்பதை அவள் எப்படி வீட்டுக்கு வருகிறாள் என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். நீதிபதியாக வந்தபோது மட்டும் எழுந்து நின்றதாக அண்ணி சொல்வார்.

முதல் மூன்று சாவுகளும் பெரிய சிரமம் கொடுக்கவில்லை. ஒரு படம் ஒரு வாரம், இன்னொன்று நான்கு நாள், மூன்றாவது எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியாது. காலையில் இறந்தவள் மறுநாள் சாயங்காலம் எழுந்து தலை வாரிக்கொண்டாள். நான்காவது அப்படி இல்லை. அதில் அவள் ஒரு தையல்காரி. நாயகனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, அவனை வாய்க்கு வந்தபடி திட்டி, சோறு போட்டு, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் லாரியில் அடிபட்டுச் சாகிறாள். பிறகு பழிவாங்கல். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நாயகனின் முகம் பிஸ்கட் பொட்டலத்தில்கூட வந்தது. மழைக்காலம் போயிற்று, வெயில் வந்தது, நடிகை முன் அறைக் கட்டிலில் அப்படியே கிடந்தாள். உடம்பு கெடவில்லை, குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். கிட்டே போனால் முகப்பவுடர் வாசனை வந்தது. எங்கே தங்கச்சியைக் காணோம் என்று கேட்பவர்களிடம் பெரியவர், "வேலையில இருக்கா," என்று சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் படத்தை எடுத்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தகரக்கூரைத் தியேட்டர் மட்டும் எடுக்கவில்லை. மதியக் காட்சி மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தது. இந்தா எடுத்துவிடுவார்கள், நாளைக்கு எடுத்துவிடுவார்கள் என்று வீட்டில் காத்திருந்தபோது, ஒருநாள் அத்தையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்த மகள் அப்பாவைக் கூப்பிட்டாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு. மறுவாரம் இரண்டு கோடுகள். கன்னத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார்.

"காயம் இல்லை. வியாதியும் இல்லை. இது தேய்மானம்," என்றார். "பிரிண்ட் பழசாகுதுங்க. இவங்க வர்ற ரீல் அறுந்து குப்பைக்குப் போச்சுன்னா, அப்புறம் எதை எடுத்து எப்படி எழுப்புறது? எனக்கு வைத்தியம்தான் தெரியும். நீங்க தியேட்டர்காரன்கிட்டப் பேசுங்க."

யாரிடமும் போய் ஒன்றைக் கேட்டு நின்று பெரியவருக்குப் பழக்கம் இல்லை. இருந்தாலும் மறுநாள் மத்தியானம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது வீட்டில் யாரும் இல்லை. அண்ணி பல் டாக்டரிடம் போயிருந்தார், மகள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு, சின்னவர் சர்க்கரை வியாதிக்காக நடக்க. எதிர்வீட்டு டாக்டரைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டினார். தியேட்டர் முதலாளி பனியனோடு உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். தான் யார் என்று பெரியவர் சொல்லவில்லை. இந்தப் படத்தை ஏன் இன்னும் ஓட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா சார்? எப்பவோ தூக்கியிருப்பேன்," என்றார் முதலாளி. "தினம் மூணு பேர் வர்றாங்க. மழையோ வெயிலோ, தவறாம வர்றாங்க. வாசல் தேடி வர்றவங்களைப் போன்னு சொல்ல முடியுமா? ஒருநாள், ஒரே ஒருநாள் ஆள் வரலைன்னா அன்னைக்கே பெட்டியில போட்டு அனுப்பிடுவேன். நம்பிக்கை இல்லைன்னா உள்ள போய்ப் பாருங்க. படம் போட்டாச்சு."

பெரியவர் உள்ளே போனார். இருட்டில் தடவி ஒரு நாற்காலியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் அவருடைய தங்கை உயிரோடு இருந்தாள். கழுத்தில் அளவு நாடா, பல்லுக்கிடையில் குண்டூசி, மூக்குநுனியில் கண்ணாடி. எதிரே கோணிக்கொண்டு நின்ற நாயகனின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "நேரா நில்லு! முதுகெலும்பு என்ன வாடகைக்கு எடுத்ததா?" என்றாள். பெரியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவருடைய வசனம். அவள் பாவாடை கட்டின வயதில் அவர் தினமும் அவளிடம் சொன்னது. சொல்லும்போது கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதும் அவர் வழக்கம்தான். திரையில் அவளும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள்: தலையைப் பின்னால் சாய்த்து, குண்டூசி கீழே விழ, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவளிடம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது, வீட்டில் எந்த அறையில் வைத்திருந்தாள் என்று அவர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவள் தைத்த சட்டையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். லாரி ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை. அவள் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது ரீல் அறுந்தது. திரை வெளுத்தது. ஆபரேட்டர் மேலிருந்து யாரையோ திட்டிக்கொண்டு விளக்கைப் போட்டார்.

அத்தனை பெரிய கொட்டகையில் நான்கு தலைகள் இருந்தன. இடதுகோடியில் அண்ணி. வலதுகோடியில் சின்னவர். தூணுக்குப் பின்னால் மகள். மூவரும் தினமும் விளக்கு அணைந்த பிறகு வந்து, அவள் சாகும்போதே எழுந்து போகிறவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் அன்றுவரை பார்த்ததில்லை.

"உனக்குப் பல்வலின்னு சொன்னே," என்றார் பெரியவர்.

"பல்லும் வலிக்குதுங்க," என்றார் அண்ணி.

"நான் நடக்கத்தான் வந்தேன் அண்ணா," என்று சின்னவர் முந்திக்கொண்டார்.

"உட்கார்ந்துக்கிட்டா நடக்கிறது?"

மகள்தான் அழுதாள். "வீட்டுல அத்தை பேசவே மாட்டேங்குறாங்கப்பா. இங்க வந்தா பேசுறாங்க. நான் ஒருத்தி ஒரு டிக்கெட் வாங்கினா படம் ஓடிடுமான்னு நெனச்சேன்."

மற்ற இருவரும் அதையேதான் நினைத்திருந்தார்கள். அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று வந்தவர்கள்தான் மாதக்கணக்கில் அவளை எழவிடாமல் வைத்திருந்தார்கள். பெரியவரால் அவர்களைத் திட்ட முடியவில்லை. அவருக்கே மேற்கொண்டு பார்க்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் ஆபரேட்டர் இறங்கிவந்து, ஒட்டியாகிவிட்டது, இன்னும் ஒரு தடவை தாங்கும், அதற்கு மேல் இந்த ரீல் தூள்தான், மீதியை இப்போது போடட்டுமா என்று கேட்டார். "வேண்டாம்," என்றார் பெரியவர். நால்வரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டில் டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நடிகையின் வலது கணுக்காலைச் சுற்றி, அறுந்த ரீலை ஒட்டிய இடம்போல ஒரு பட்டை விழுந்திருந்தது.

மறுநாள் யாரும் வெளியே போகக் கூடாது என்று பெரியவர் உத்தரவு போட்டார். மற்ற மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஏற ஏற ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காட்சி நேரம் நெருங்கியபோது செருப்புச் சத்தம் கேட்டு அண்ணி எட்டிப் பார்த்தார். பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று ஆபரேட்டர் சொன்னது அவர் காதில் இருந்தது. அந்தக் கால் தரையில் பட்டதா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு நிஜமாகவே அவ்வளவு நீளமா என்பதும் சந்தேகமாக இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அண்ணி.

"கேட்டைப் பூட்ட," என்றார்.

பூட்டினார். பூட்டிய கையோடு சாவியை அண்ணியிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் கொடுக்காதே," என்றார். பிறகு வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் முதலாளி வெகுநேரம் கதவைத் திறந்துவைத்துப் பார்த்துவிட்டு, ரீல்களைத் தகரப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றினார். வெயில் தாழும் நேரத்தில் நடிகையின் முகத்துக் கோடுகள், சிலேட்டை அழித்தாற்போல, மேலிருந்து கீழாக மறைந்தன. கால்விரல் அசைந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க? படம் ஓடுச்சா?"

"ஓடுச்சுக்கா, ஓடுச்சு, தேவைக்கு மேலயே ஓடுச்சு," என்றார் சின்னவர்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்த லாரிக்காரன் அவ்வளவு ஹாரன் அடிச்சானே. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம் நீ," என்றார்.

நடிகை அவரையே பார்த்தாள். அவர் எங்கே உட்கார்ந்து அந்த ஹாரனைக் கேட்டிருக்க முடியும் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"திரும்பக் கூடாதுன்னு டைரக்டர் சொல்லிட்டாருண்ணா," என்றாள்.

"அவனுக்கென்ன தெரியும்," என்றார் பெரியவர்.

அப்போது அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். திரையில் இருந்ததைவிட நீளமாகத்தான் இருந்தது. வெளியே போய்விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த டாக்டர் நடுத்தெருவில் நின்று அதைக் கேட்டார்.

அண்ணன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அவள் சாகிற வேடங்களை அதோடு விட்டுவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் யாரிடமும் கெஞ்சியவர் அல்ல. அதற்குப் பிறகு அவள் இன்னும் இரண்டு முறை இறந்திருக்கிறாள். இரண்டு படங்களுக்கும் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. இரண்டும் ஒரு வாரம் தாண்டவில்லை.